குதிகால் புண்ணும் ஒரு டப்பா பவுடரும்

கட்டு சிஸ்டர் என்று கேட்டால்தான் அந்த வட்டாரத்தில் வழி சொல்வார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அது சம்பளச் சீட்டோடு சரி. சுகாதார நிலையத்துக்கு நடந்து வர முடியாதவர்களின் வீடு தேடிப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஊசி போடுவது, ரத்த அழுத்தம் பார்ப்பது, நடுநடுவே மாமியாருக்கும் மருமகளுக்கும் பஞ்சாயத்துப் பண்ணுவது, இதெல்லாம் அவள் வேலை. கடைசியாகச் சொன்னதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் அதில்தான் அவளுக்கு ருசி அதிகம்.

தோளில் ஒரு பை. பஞ்சு, கட்டுத்துணி, மருந்து, சர்க்கரை பார்க்கிற மெஷின் என்று அதற்குள் பாதி ஆஸ்பத்திரி இருக்கும். அதைச் சுமந்துகொண்டு இத்தனை வருஷமாகப் படி ஏறி இறங்கி, தரையில் உட்கார்ந்து எழுந்து, அவள் முட்டி இரண்டும் வேலைநிறுத்தத்துக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டன. காலையில் கட்டிலை விட்டு எழுந்தால் முதலில் முட்டி பேசும், அப்புறம்தான் அவள் பேசுவாள். அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சமையலறையில் இருந்தபடியே, "உன் முட்டி வந்துடுச்சு, நீ எப்ப வரே?" என்று கேட்பார்.

"இப்படிச் சத்தம் போடுற வண்டியை எங்க டெப்போவுல கேட்டைத் தாண்ட விட மாட்டாங்கம்மா. டாக்டர்கிட்ட காட்டித் தொலையேன்" என்பார் தைலத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டே.

"டாக்டர்கிட்ட காட்டினா ஆபீஸுக்குத் தெரியும். ஆபீஸுக்குத் தெரிஞ்சா நாற்காலிதான். பேசாம தேய்ங்க" என்பாள்.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுகாதார நிலையத்தின் மூலையில், தொலைபேசிக்குப் பக்கத்தில், ஒரு சுழல் நாற்காலி. காலோ இடுப்போ போன ஊழியர்களை அதில் உட்காரவைத்துவிடுவார்கள். வருகிற போனை எடுத்து, "டாக்டர் நாளைக்குத்தான் வருவார்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சிஸ்டருக்குத் தெரிந்து அதில் உட்கார்ந்த யாரும் மறுபடி தெருவுக்கு வந்ததில்லை. நேரே வழியனுப்பு விழாவுக்குத்தான் போனார்கள். நாலு சுவருக்குள் ஒரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளால் ஆகாத காரியம். ஊர்க்கதை பேசாமல், யாரையும் அதட்டாமல், யார் வீட்டுக் கதவையும் தட்டாமல் ஒரு நாள் போனால் அவளுக்குத் தலை வெடித்துவிடும்.

அதனால் மறைத்தாள். சும்மா சொல்லக்கூடாது, அதில் அவளுக்கு நல்ல மூளை. மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு வாங்கினால் அங்கே இருக்கிற கதவைத் தட்டி, "குழந்தைக்கு இருமல் தேவலையா?" என்று விசாரிப்பாள். அந்த வீட்டில் குழந்தையே கிடையாது என்பது ஒரு தடவை தெரியவந்தது. அசரவில்லையே! "இல்லைன்னா என்ன, இனிமே பொறக்கும்" என்று வாழ்த்திவிட்டு மேலே ஏறினாள். கையிலிருந்த பேனா கீழே விழுந்தால் குனிய மாட்டாள். "எடுங்க பார்ப்போம், இடுப்பு வளையுதான்னு நான் தெரிஞ்சுக்கணும்" என்று நோயாளியிடமே வேலை வாங்கிவிடுவாள்.

எல்லாவற்றிலும் பெரிய தந்திரம், தரையிலிருந்து எழுந்திருக்கிற தந்திரம். கால் புண்ணுக்குக் கட்டுப் போட அவள் எப்போதும் தரையில்தான் உட்காருவாள். நோயாளி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டுவார், இவள் கீழே மண்டியிட்டு வேலையைப் பார்ப்பாள். பயிற்சிக் காலத்திலிருந்து வந்த பழக்கம். உட்காருவது ஒரு பாடு என்றால் எழுந்திருப்பது பெரும்பாடு. பக்கவாதம் வந்து கை தளர்ந்துபோய்த் தேறி வந்த கணக்கு வாத்தியார் ஒருவருக்கு, கையைப் பிடித்து இழுக்கிற பயிற்சி கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். "இழுங்க சார், நல்லா இழுங்க" என்று கையைக் கொடுத்தவள், அவர் இழுத்த இழுப்பில் தானும் எழுந்து நின்றுவிட்டாள். அடடா, இது தெரியாமல் போயிற்றே என்று அன்றிலிருந்து எல்லா வீட்டிலும் இந்தப் பரிசோதனைதான். கையில் பலம் இருக்கிறதா என்று பார்க்கிறாளாம். ஒரு வீட்டில் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு, அதன் தாய்மாமனுடைய கைப்பலத்தைச் சோதித்துவிட்டு வந்தாள்.

இந்தப் பரிசோதனைக்குச் சிக்கினவர்களில் ஒருவர் மேஸ்திரி. ஊரில் பாதி வீட்டுக்குச் சுவர் எழுப்பினவர். கை இரண்டும் உலக்கை. அவருடைய கையில் பலம் இருக்கிறதா என்று சோதித்த ஒரே மனுஷி உலகத்தில் இவளாகத்தான் இருக்கும். வேலை செய்கிற இடத்தில் கம்பி ஒன்று அவருடைய வலது குதிகாலைக் கிழித்துவிட்டது. உடம்பில் சர்க்கரை வேறு. புண் ஆறுவேனா என்று அடம் பிடித்தது.

சர்க்கரைப் புண்ணுக்கு மருந்தைவிட முக்கியம், அந்தக் காலை ஊன்றாமல் இருப்பது. ஊன்றினால் உடம்பு எடை முழுக்கப் புண்ணின் மேல் இறங்கும், ஆறுகிற சதை மறுபடி கிழியும். அதனால் மேஸ்திரிக்குப் பிடித்துக்கொண்டு நடக்க ஒரு வாக்கர் கொடுத்து, இடது காலால் மட்டும் தத்தித் தத்திப் போகச் சொல்லியிருந்தாள். கட்டுச் சுத்தம், மாத்திரை ஒழுங்கு, சர்க்கரையும் கட்டுக்குள் வந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் கட்டைப் பிரித்தால் உள்ளே புது ரத்தக் கறை.

சிஸ்டருக்கு மூக்கு வேர்த்துவிட்டது. யாரோ இந்த மனுஷனை நடக்கவிடுகிறார்கள். யாராக இருக்கும்? மேஸ்திரியின் சம்சாரத்தைத் தவிர அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

"தங்கச்சி, உண்மையைச் சொல்லு. கடைக்கு அனுப்பறியா இவரை?"

"ஐயோ, இல்லக்கா. வாசப்படி தாண்டறதில்ல."

"பின்ன எப்படி ரத்தம் வருது? நீ தூங்கும்போது எழுந்து நடக்கறாரோ?"

"தூங்கினா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார்க்கா."

மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்து கூரையைப் பார்ப்பார். அவர் கூரையைப் பார்க்கப் பார்க்க சிஸ்டருக்குச் சந்தேகம் வலுத்தது. திருட்டு முழி என்று முடிவே கட்டிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மேற்பார்வையாளர் மேடம் வந்து நின்றாள். சிஸ்டரைவிட வயதில் ரொம்பச் சின்னவள், ஆனால் கண்டிப்பானவள். புண்ணை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது இந்நேரம் ஆறியிருக்கணுமே" என்றாள்.

சிஸ்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே. "இவங்க நடக்கவிடறாங்க மேடம். நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்" என்று மேஸ்திரி சம்சாரத்தைக் கை காட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

தெருவுக்கு வந்ததும் மேடம் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்த வீட்டைப் புதுசா வந்த பொண்ணுகிட்ட குடுத்துடலாமா? நீங்களும் எவ்வளவு காலம்தான் அலைவீங்க? போன் பக்கம் இடம் காலியாத்தான் இருக்கு."

சிஸ்டருக்குப் பகீரென்றது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "இந்த மாசம் முடியறதுக்குள்ள அந்தப் புண் ஆற ஆரம்பிக்கலைன்னா, நானே வந்து அந்த நாற்காலியில உட்கார்ந்துக்கறேன் மேடம். நீங்க சொல்லவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தவள் துப்பறிய உட்கார்ந்துவிட்டாள். நடக்கிற காலைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். என்ன செய்யலாம்? வீட்டுக்காரர் குளித்துவிட்டு முதுகில் பவுடர் போட்டுக்கொண்டு வந்தார். வழக்கம்போல முதுகில் விழுந்ததைவிடத் தரையில் விழுந்ததுதான் அதிகம். அதன்மேல் அவர் நடந்து போக, பாதம் பாதமாகத் தடம். சிஸ்டர் அந்த டப்பாவை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"அதை எங்கடி எடுத்துட்டுப் போறே?"

"கேஸு விஷயம். குறுக்க வராதீங்க."

மறுநாள் மேஸ்திரிக்குக் கட்டுப் போட்டு, வழக்கமான கைப்பலப் பரிசோதனையும் முடித்து எழுந்ததும், கட்டிலைச் சுற்றிப் பவுடரை மழையாகத் தூவினாள். மேஸ்திரி தும்மினார். "இது எதுக்கு சிஸ்டரம்மா?"

"எறும்பு வருது."

"நான் பார்க்கலையே."

"நீங்க எதைத்தான் பார்த்தீங்க? கூரையைத் தவிர."

மேஸ்திரி சம்சாரத்திடம், நாளை தான் வருகிறவரைக்கும் கட்டில் பக்கம் துடைப்பமே போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். மேடம் வந்துபோனதிலிருந்து அவள் சிஸ்டரிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தாள். குற்றம் செய்த நெஞ்சு குறுகுறுக்கிறது என்று சிஸ்டர் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் அவள் வந்த வேகத்தைப் பார்த்தால் முட்டியில் ஒரு கோளாறும் இல்லாதவள் என்றே சொல்வீர்கள். வந்ததும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். இடது பாதம், வாக்கரின் நாலு புள்ளி. மறுபடி இடது பாதம், மறுபடி நாலு புள்ளி. கழிப்பறை வரைக்கும் அதுதான், திரும்பி வருகிறபோதும் அதுதான். வலது பாதம் மருந்துக்குக்கூட இல்லை. மேஸ்திரி சொன்னபடி நடந்திருக்கிறார். அவர் சம்சாரமும் சொன்னபடி பெருக்காமல் விட்டிருக்கிறாள்.

"ஆள் தேடறீங்களா சிஸ்டரம்மா?" என்றார் மேஸ்திரி.

"உங்க கிட்ட ஒண்ணும் பேசறதுக்கில்ல. காலை நீட்டுங்க" என்று முனகிக்கொண்டே முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அந்தப் பவுடர் தரையிலேயே மண்டியிட்டாள். கட்டைப் பிரித்தாள். முந்தின நாள் கறை அப்படியே காய்ந்துபோய் இருந்தது. அதற்கு மேல் புதுசாக ஒன்றும் கசியவில்லை. இது என்ன கூத்து என்று யோசித்துக்கொண்டே கழுவி, மருந்து வைத்து, வெள்ளைவெளேரென்று புதுக்கட்டுப் போட்டாள். அப்புறம் இரண்டு கையையும் நீட்டினாள்.

"எங்கே, இழுங்க பார்ப்போம்."

மேஸ்திரி குனிந்து அவள் மணிக்கட்டுகளைப் பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. சிஸ்டர் எழுந்து நின்றாள். சேலையில் ஒட்டின பவுடரைத் தட்டிவிடக் குனிந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

தரையில் அவளுடைய முட்டி இரண்டும் பதிந்து வட்ட வட்டமாக இரண்டு தடம். அதற்கு எதிரில் மேஸ்திரியின் இடது பாதம். பக்கத்திலேயே வலது குதிகால், கட்டுத்துணியின் இழை தெரிகிற அளவுக்கு அழுத்தமாக. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெள்ளைக் கட்டின் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு அரும்பியது.

உட்கார்ந்திருக்கிற ஆள் ஒரு கனத்தை இழுத்துத் தூக்கினால் இரண்டு காலையும் தரையில் ஊன்றாமல் முடியுமா? இத்தனை நாளும் அவள் எடை முழுக்க அந்தப் புண்ணின் மேல்தான் இறங்கியிருக்கிறது. மருந்து வைத்ததும் அவள்தான், மருந்து வைத்த கையோடு அதைக் கிழித்ததும் அவள்தான்.

சிஸ்டர் கட்டிலில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எந்த வீட்டிலும் அவள் நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்தது கிடையாது.

"வலிக்கலையா மேஸ்திரி?"

"வலிக்கும்."

"வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன கேடு உங்களுக்கு?"

"சொன்னா நீங்க எப்படி எழுந்திருப்பீங்க?" என்றார் மேஸ்திரி. "முதல் நாளே தெரியும் சிஸ்டரம்மா. சுவர் விரிசல் விடற சத்தம் எனக்குத் தெரியாதா? உங்க முட்டி அப்படித்தான் கேட்டுச்சு. சரி, கௌரவமா இழுக்கச் சொல்றாங்க, கௌரவமா இழுத்துடுவோம்னு விட்டுட்டேன்."

அவளுக்கு அழுகை ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். கோபம் அவர்மேலா தன்மேலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "படுங்க" என்றாள். படுக்கவைத்து, காலைத் தலையணைமேல் தூக்கிவைத்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மறுபடி கட்டுப் போட்டாள். மண்டியிடவும் இல்லை, எழுந்திருக்கிற பாடும் இல்லை. இவ்வளவுதானா விஷயம் என்று தன் தலையில் தானே அடித்துக்கொள்ளத் தோன்றியது. நாற்காலி கேட்டால் கிழவியாகிவிட்டாள் என்று நினைப்பார்களே என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மேஸ்திரி குரலை இறக்கினார். "இனிமே இப்படியே கட்டுங்க. ஆறிடும். மேடத்துகிட்ட நீங்க விட்ட சவால் ஜன்னல் வழியா எனக்கும் கேட்டுச்சு, ஜெயிச்சது நீங்கதான். பவுடரைத் துடைச்சுட்டா யாருக்கும் ஒண்ணும் தெரியப்போறதில்ல."

உண்மைதான். ஒரு ஈரத்துணி போதும். மாசம் முடியப் புண் ஆறும், மேடம் வாயை மூடிக்கொள்வாள், நாற்காலி காலியாகவே கிடக்கும். சிஸ்டர் துணியைத் தேடி எழுந்தேவிட்டாள். சமையலறையில் மேஸ்திரி சம்சாரம் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் பயந்துபோய், "நான் பெருக்கலக்கா. சத்தியமா இன்னைக்கும் அவரை நடக்கவிடல" என்றாள்.

கேட்காமலே சொன்னாள் பாருங்கள், அதுதான் சிஸ்டரால் தாங்க முடியவில்லை.

"நீ விடல, தங்கச்சி. நான்தான்" என்று அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தரையைக் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். முட்டி, தைலம், கைப்பலப் பரிசோதனை, ஒன்று விடாமல்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் தடத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், சிஸ்டரைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று மேஸ்திரி எதிர்பார்த்திருப்பார். சிரிக்கவில்லை. "தெருவே கேட்கச் சொன்னீங்களேக்கா. கடைக்குப் போனா, புருஷனைக் கவனிக்காதவன்னு என் காது படவே பேசறாங்க" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

சிஸ்டர் அங்கேயே நின்று மேடத்துக்குப் போன் போட்டாள். "யார் நடக்கவைக்கிறாங்கன்னு கண்டுபிடிச்சுட்டேன் மேடம். நீங்க ஒரு எட்டு வந்து பார்க்கணும்." பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் அவளே கூப்பிட்டாள். மேடம் வந்ததும் அத்தனை பேர் முன்னாலும், "இந்தம்மாமேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் பழியைத் தூக்கி இவங்கமேல போட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னாள்.

மேடம் தடத்தைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இருந்தது. "ஒரு வார்த்தை, முட்டி வலிக்குதுன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நாற்காலியில உட்காரவெச்சிருப்பீங்க."

மேடம் மறுக்கப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, வெச்சிருப்பேன்" என்றாள்.

பவுடரை மேடமே துடைத்தாள்.

நாற்காலிக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. முட்டிக்கு வைத்தியம் முடிகிறவரைக்கும் தெருவில் இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேஸ்திரி வீட்டுக்குப் புதுப்பெண் போனாள். சிஸ்டர் போனை எடுத்து, "டாக்டர் நாளைக்குத்தான் வருவார்" என்று சொல்லிவிட்டு அதோடு வைக்காமல், "அது சரி, என்ன செய்யுது உனக்கு?" என்று ஆரம்பித்து, லைன் எப்போதும் பிஸியாகவே இருக்கிறது என்று புகார் வருகிற அளவுக்குப் பேசினாள். இரண்டு மாசம் போனதும், தொல்லை தாங்காமலோ மனசு வந்தோ, அடுத்த மாசத்திலிருந்து மாடிப்படி இல்லாத வீடுகளுக்கு மட்டும் போகலாம் என்று மேடம் சொன்னாள். ஒரு நிபந்தனை: போகிற வீட்டிலெல்லாம் முதல் வேலையாக நாற்காலி கேட்டு வாங்கி உட்கார வேண்டும்.

அந்த வாரமே ஒரு நாள், மேஸ்திரி தன் சொந்தக் காலில் நடந்து சுகாதார நிலையத்துக்கு வந்தார், சம்சாரத்தோடு. சிஸ்டர் எழுந்திருக்கப் பார்த்தாள். "உட்காருங்க, உட்காருங்க" என்று கை காட்டிவிட்டு, மனுஷர் எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார், வலது காலைத் தூக்கினார், குதிகாலைத் தொலைபேசி மேஜைமேல் டக்கென்று வைத்தார். காத்திருந்த கூட்டம் வாயைப் பிளந்தது. அவர் சம்சாரம் தலையில் கை வைத்துக்கொண்டாள், ஆனால் இந்தத் தடவை சிரித்துக்கொண்டுதான்.

சிஸ்டர் போன் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். விரலால் அழுத்திப் பார்த்தாள். இளஞ்சிவப்பாகப் புதுத்தோல், ஒரு கீறல் இல்லை. "நல்லா மூடியிருக்கு மேஸ்திரி" என்றாள்.

"அது கிடக்கட்டும். உங்க முட்டி எப்படி இருக்கு?"

எத்தனையோ பேர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் அவள் சொன்ன பதில், ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது.

"வலிக்குது" என்றாள் சிஸ்டர். "உட்கார்ந்தா வலிக்குது, நின்னா வலிக்குது. ஊசி போட்டாங்க, கொஞ்சம் தேவலை. ஆனா வலிக்குது."

மேஸ்திரி காலை மெதுவாக மேஜையிலிருந்து இறக்கினார். "இதை முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா, என் குதிகால் எப்பவோ ஆறியிருக்கும்" என்றார்.